செம்பனைக்கு நடுவே பயோடெக் தொழில்: தெலுக் இந்தான் வட்டார மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெலுக் இந்தான், லங்காப், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துப் பிள்ளைகள் பயோடெக்னாலஜி படிக்கப் போகிறேன் என்றாலே வீட்டில் ஒரு கேள்வி வரும்: "படிச்சு முடிச்சு எங்க வேலைக்குப் போவே?" பிள்ளையும் கோலாலம்பூர், பினாங்கு, இல்லாவிட்டால் சிங்கப்பூர் என்று கையைக் காட்டும். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற செம்பனை யார் கண்ணிலும் படாது.

ஆய்வுக்கூட வேலையைப் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்துவிடும். பிசிஆர் (டிஎன்ஏ-வைப் பெருக்கும் முறை) ஓட்டலாம், ஜெல்லில் டிஎன்ஏ-வைப் பிரித்துப் பார்க்கலாம், கிருமி வளர்க்கலாம். ஆனால் இதை யார் காசு கொடுத்து வாங்குகிறார், எதற்காக வாங்குகிறார், ஒன்று செய்ய என்ன செலவு, அந்தச் செலவு எந்த இடத்தில் கசிகிறது என்பதைப் பாடவேளையில் கற்க முடியாது. அதை ஒரு தொழில் நடக்கிற இடத்தில் நின்றுதான் கற்க வேண்டும். என் கணக்கில் அதற்குத் தலைநகரத்தைவிடத் தோட்டத்து ஊர் தோதான இடம். உயிருள்ள ஒன்றை வளர்த்து விற்று லாபம் பார்க்கிற வேலை இங்கே நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது.

டிப்ளோமா, டிகிரி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். எஸ்டிபிஎம் படிக்கிறவர்கள் முதல் மூன்று படிகளை இப்போதே தொடங்கலாம்.

படி 1: உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு சனிக்கிழமை போதும். தெலுக் இந்தானைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று எழுதிப் பாருங்கள். யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் வேர் 1906-இல் டென்மார்க்காரர் ஒருவர் தொடங்கிய ரப்பர்த் தோட்டம். அதன் தலைமையகம் இன்றும் ஜெண்டராட்டா தோட்டத்தில்தான் இருக்கிறது, ஆராய்ச்சிப் பிரிவும் அங்கேயே. மலேசியச் செம்பனை வாரியமான எம்பிஓபி-க்குத் தெலுக் இந்தானில் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. இந்த வட்டாரத்தில் கரிமண் (தாவரம் மட்கிப் படிந்த சதுப்பு மண்) அதிகம் என்பதால் அந்த மண்ணில் செம்பனை வளர்ப்பதைப் பற்றி அங்கே ஆராய்கிறார்கள். தென்னைக்கு, வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டியின் ஹிலிர் பேராக் நிலையம். பாகான் டத்தோ பக்கம் போனால் மாதாக் கலப்பினத் தென்னை என்று பேச்சு அடிபடும். அது மலாயன் குட்டையும் பிலிப்பீன்ஸின் தக்னானன் நெட்டையும் சேர்ந்த ரகம்.

இவை பெரியவை. சின்னவற்றையும் விடாதீர்கள்: காளான் கொட்டகை, செம்பனை நாற்றங்கால், ஆலைக்கழிவிலிருந்து உரம் தயாரிக்கும் இடம், மீன்குஞ்சுப் பண்ணை, தெம்பே தயாரிக்கும் வீடு. தெம்பேயும் பயோடெக்தான். சோயாவின்மேல் பூஞ்சையைப் படரவிட்டு மறுநாளோ அதற்கடுத்த நாளோ விற்கிறார்கள். ஒரு நாள் தாமதமானால் சரக்கு கெடும். கெடும் பொருளை வைத்துத் தொழில் செய்கிறவரிடம் கால் மணி நேரம் பேசினால் பாடப்புத்தகத்தில் இல்லாத பல விஷயங்கள் கிடைக்கும்.

ஊருக்கு வெளியே தேடுவதானால் பயோஇகானமி கார்ப்பரேஷன் பக்கம் பாருங்கள். 2005-இல் தேசிய பயோடெக்னாலஜிக் கொள்கை வந்தபோது பயோடெக்கார்ப் என்ற பெயரில் தொடங்கிய அரசு நிறுவனம் இது. தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 'பயோநெக்சஸ்' என்ற தகுதிநிலை தருகிறது. அந்தத் தகுதி பெற்றவர்கள் யார் என்று பார்த்தாலே நாட்டில் எந்த நிறுவனம் உரத்தில் இருக்கிறது, எது மருந்தில், எது உணவில் என்று பிடிபடும். இண்டர்ன்ஷிப் தேடுகிறவருக்கு அதுவே ஒரு முகவரிப் புத்தகம்.

படி 2: ஒரு கண்டுபிடிப்பைக் காசுக் கணக்கோடு படியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ இதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை.

செம்பனையில் மூன்று வகை உண்டு. தூராவின் கொட்டைக்கு ஓடு தடிப்பாக இருக்கும். பிசிஃபெராவுக்கு ஓடே கிடையாது, ஆனால் அதன் பெண்பூக்கள் பெரும்பாலும் காய்க்காமல் போகும். இரண்டையும் சேர்த்தால் வருவது தெனெரா: ஓடு மெல்லிசு, சதை அதிகம், தூராவைவிட எண்ணெயும் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல். தோட்டங்களில் நடுவது தெனெராதான். இந்த ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கிற மரபணுவை எம்பிஓபி தலைமையிலான குழு கண்டுபிடித்து 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது.

தேர்வுக்கு இவ்வளவு போதும். தொழில் தெரிய வேண்டுமானால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: இதனால் யாருக்கு என்ன மிச்சம்?

மகரந்தம் சேர்க்கும்போது தவறு நடந்தால் தெனெரா என்று விற்ற விதையில் தூராவும் கலந்துவிடும். நாற்றைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. நட்டு, மூன்று வருடம் உரம் போட்டு, காய்த்து, காயை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் மரம் வேரூன்றிவிடும். பிடுங்கிப் போட யாருக்கும் மனம் வராது, அதனால் அடுத்த இருபது, இருபத்திரண்டு வருடமும் அந்த மரம் குறைந்த எண்ணெயையே தரும். ஒரு சிறுதோட்டக்காரருக்குப் பத்து ஹெக்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சுமார் 1,400 மரம். அதில் நூற்றுக்கு ஐந்து தூரா என்றால் எழுபது மரம் கால் நூற்றாண்டுக்குக் கடன் மாதிரி நிற்கும். நாற்றங்காலிலேயே ஒரு துண்டு இலையைக் கிள்ளி டிஎன்ஏ சோதனை செய்து அந்த எழுபதைக் கழித்துவிடலாம் என்றால் அந்தச் சோதனைக்கு அவர் எவ்வளவு கொடுப்பார்? இப்படி யோசிக்கத் தொடங்கும் இடத்தில் மரபணு ஒரு சரக்காகிவிடுகிறது.

குளுவாங்கில் ஒரு தோட்டத்தில் 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு வண்டின் கதையையும் இதே மாதிரி படியுங்கள். அதுவரை செம்பனைப் பூவுக்கு ஆட்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். வண்டு வந்தது, அந்த வேலையே போனது. உங்கள் பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர் என்றால் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள்: எத்தனை பேர் தூவினார்கள், என்ன கூலி, ஒரு நாளில் எத்தனை மரம்? ஆராய்ச்சிக் கட்டுரையில் இல்லாத கூலிக் கணக்கு அவர்களிடம் இருக்கும். தோட்ட நிறுவனத்துக்கு அந்த வண்டால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று அதை வைத்தே ஓர் உத்தேசக் கணக்குப் போடலாம்.

படி 3: ஆண்டறிக்கை

பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனங்களின் ஆண்டறிக்கை புர்சா மலேசியா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். தடிப்பான புத்தகம், பயப்பட வேண்டாம். தோட்ட நிறுவனமாக இருந்தால் மூன்றை மட்டும் தேடுங்கள்: ஒரு ஹெக்டருக்கு எத்தனை டன் குலை, குலையிலிருந்து எத்தனை விழுக்காடு எண்ணெய், மறுநடவுக்கு என்ன செலவு. எண்ணெய்ப் பிழிவு இந்த நாட்டில் பொதுவாக 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். ஹெக்டருக்குக் கிடைக்கும் எண்ணெயின் தேசிய சராசரி பல வருடங்களாக நான்கு டன்னைத் தாண்டத் திணறுகிறது. உங்கள் நிறுவனம் அதைவிட மேலா, கீழா? மேல் என்றால் ஏன்? இந்த ஒரு கேள்வியோடு நேர்முகத்துக்குப் போகிற மாணவரை யாரும் சுலபத்தில் மறக்க மாட்டார்கள்.

படி 4: இடம் கேட்பது

தொழிற்பயிற்சி, அதாவது எல்.ஐ., உங்கள் படிப்பில் கட்டாயமாக இருக்கலாம். கட்டாயம் இல்லையென்றாலும் செமஸ்டர் விடுமுறையில் கேட்கலாம். கம்பாரில் இருக்கும் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம், பீடோங் பக்கத்து எய்ம்ஸ்ட், செர்டாங்கில் புத்ரா என்று எங்கே படித்தாலும் சொந்த ஊரிலேயே பயிற்சி எடுக்கத் தடையில்லை. சிலருக்கு அது ஏதோ மட்டம் என்ற நினைப்பு. வாடகை மிச்சம், அம்மா சமையல், அதோடு மேற்பார்வையாளரிடம் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று எதிலும் பேசிக்கொள்ளலாம். நான் இதை மட்டம் என்று சொல்ல மாட்டேன்.

குறைந்தது ஒரு செமஸ்டருக்கு முன்பே தொடங்குங்கள். பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கடிதம், மதிப்பெண் பட்டியல், ஒரு பக்க ரெஸ்யூமே மூன்றும் கையில் இருக்கட்டும். மின்னஞ்சல் மலாயிலோ ஆங்கிலத்திலோ போகும், எட்டு வரிக்குமேல் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், அலுவலகத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். பிறகு யார் நீங்கள், கையால் என்ன செய்யத் தெரியும், என்ன கற்க வேண்டும். கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. "ஆய்வுக்கூடத்தில் பயிற்சி வேண்டும்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் இப்படிக் கேளுங்கள்: "ஆய்வுக்கூடத்தோடு நாற்றங்கால் விற்பனை, தரக்கட்டுப்பாடு, சரக்குக் கொள்முதல் ஆகியவற்றில் ஒன்றில் இரண்டு வாரம் இருக்க அனுமதி கிடைக்குமா?" பெரும்பாலும் யாரும் கேட்காத இடம் என்பதால் கிடைத்துவிடவும் கூடும்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்துப் போன் செய்யுங்கள். போனை எடுப்பவர் அலுவலகக் கிராணியாக இருப்பார். அவரிடம் மரியாதையாகப் பேசி, யாருக்கு அனுப்ப வேண்டும் என்று பெயர் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தோட்டத்தில் சித்தப்பா மண்டோராக இருக்கிறார், அவர் மூலம் கேட்கலாமா என்றால், கேட்கலாம், தப்பில்லை. கடிதம் மட்டும் முறையாகப் போகட்டும். சிபாரிசால் கதவு திறக்கும், ஆனால் கடிதமில்லாமல் போன பயிற்சியைப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்காது.

படி 5: உள்ளே போன பிறகு என்ன கவனிப்பது

திசுவளர்ப்புக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். செம்பனையின் இளங்குருத்து இலையைத் துண்டு போட்டு வளர்ப்பூடகத்தில் வைக்கிறார்கள். அது முதலில் உருவமில்லாத திசுக்கட்டியாகும், அதிலிருந்து கரு மாதிரி ஒன்று கிளம்பும், பிறகு தளிர், பிறகு வேர். கண்ணாடிக் குடுவையை விட்டு வெளியே வர இரண்டு மூன்று வருடம் ஆகிவிடும். அதற்கப்புறம் நாற்றங்காலில் ஒரு வருடம். நட்ட பிறகு காய்க்க இன்னும் இரண்டரை மூன்று வருடம். இன்று போட்ட காசு எப்போது திரும்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். சின்ன முதலாளி ஏன் இந்தப் பக்கமே வருவதில்லை என்று விளங்கும்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1980-களில் இப்படித் திசுவளர்ப்பில் உருவான குளோன் மரங்கள் காய்க்கத் தொடங்கியபோது சிலவற்றில் காய் உருமாறி, சுற்றிலும் சதைமடல் போர்த்தியதுபோல் வந்தது. 'மேண்டல்டு' என்பார்கள். மோசமாகத் தாக்கிய மரத்தில் எண்ணெய்க்கு வழியில்லை. ஏன் என்ற கேள்விக்கு விடை 2015-இல்தான் வந்தது, அதுவும் எம்பிஓபி குழுவிடமிருந்து, 'நேச்சர்' இதழில். மரபணு வரிசை மாறவில்லை, அதன்மேல் இருக்க வேண்டிய வேதிக்குறி ஒன்று திசுவளர்ப்பின்போது அழிந்துபோயிருக்கிறது. இடைப்பட்ட முப்பது வருடமும் குளோன் விற்றவர்கள் அந்தப் பயத்தோடேயே விற்றார்கள். வாங்குகிறவர் "உத்தரவாதம் உண்டா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நீங்கள் போகிற இடத்தில் அந்தப் பதிலை யார் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள்.

கூடத்துக்குள் கத்தி பிடித்து வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காற்று வடிகட்டிய மேசைமுன் உட்கார்ந்து, எழுபது விழுக்காடு ஆல்கஹால் தெளித்து, ஒரு கத்தியைச் சுட்டு ஆறவைத்துவிட்டு மற்றொன்றால் வெட்டுவார்கள். இரண்டும் மாறி மாறி, கை நிற்காது. பல வருடம் இதையே செய்கிற அக்காவின் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். அவர் கையால் போன குடுவையில் எத்தனை கெடுகிறது, நேற்று வந்த உங்கள் கையால் போனதில் எத்தனை கெடுகிறது? கெட்ட குடுவைக்கும் சர்க்கரை போட்டாயிற்று, கிருமி நீக்க 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் ஓட்டியாயிற்று, வாரக்கணக்கில் ஏர்கோன் காட்டியாயிற்று. தெலுக் இந்தான் வெயிலில் ராத்திரி பகலாக ஓடும் ஏர்கோன் பில் எந்தப் பேராசிரியரின் ஸ்லைடிலும் வராது.

ஆகவே தினமும் மூன்று எண்கள்: எத்தனை குடுவை போட்டீர்கள், எத்தனை காண்டமினேஷன் ஆனது (கிருமி புகுந்து கெட்டது), எவ்வளவு நேரம் பிடித்தது. மாதக் கடைசியில் அதை வைத்து, நல்ல நாற்று ஒன்றுக்கு எத்தனை நிமிடக் கைவேலை என்று கணக்குப் போடுங்கள். பயிற்சி அறிக்கைக்கு இதைவிட நல்ல அத்தியாயம் அமையாது.

ஒரு எச்சரிக்கை. முதல் நாளே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளே எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடக் கூடாது. "என் பொண்ணு லேப்ல" என்று அம்மா பெருமையாக அனுப்பும் படத்துக்குப் பின்னால் ஊடகக் கலவைப் பட்டியல் ஒட்டியிருக்கும். நிறுவனத்தின் எண்களை அறிக்கையில் போடும் முன் மேற்பார்வையாளரிடம் காட்டி, எது வெளியே போகலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்றங்கால் விற்பனை மேசையில் இரண்டு நாள் நிற்கக் கிடைத்தால் விடாதீர்கள். பிக்கப்பில் வந்து இறங்கும் சிறுதோட்டக்காரர் மரபணு பற்றிக் கேட்க மாட்டார். எத்தனை மாத நாற்று, லாரிக் கூலி யார் கொடுப்பது, செத்தால் மாற்றித் தருவீர்களா, கடனுக்குக் கிடைக்குமா? இதையெல்லாம் அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். பிற்பாடு நீங்கள் எதை விற்கப் போனாலும் இதே நான்கு கேள்விதான் வரும்.

படி 6: சொந்தக் காசில் சின்னதாக ஒன்று

அடுத்தவர் காசில் கற்பது ஒரு விதம், சொந்தக் காசு போட்டால் வேறு விதம். மாணவர் கைக்கு அடங்குகிற பயோடெக் தொழில் என்று என்னைக் கேட்டால் சிப்பிக்காளானைத்தான் சொல்வேன். கிருமிநீக்கம், தூய வளர்ப்பு, காண்டமினேஷன், அறுவடை, சந்தை என்று திசுவளர்ப்புக் கூடத்தில் இருக்கிற எல்லாமே இதிலும் உண்டு, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் முறை, மரத்தூளில் காளான் விதைத்துப் பூஞ்சை படர்ந்த பைகளையே வாங்குங்கள். இருநூறு பை, வீட்டுக்குப் பின்னால் நிழலான, காற்று வருகிற கொட்டகை. கணக்கு இப்படிப் போகும் (விலைகள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). பை 2 வெள்ளி 50 காசு என்றால் முதல் 500 வெள்ளி. நூற்றுக்குப் பத்து கெட்டுப்போனால் மிச்சம் 180 பை. பைக்குக் கால் கிலோ என்று வைத்தால் 45 கிலோ. கிலோ 12 வெள்ளிக்குச் சில்லறையாக விற்றால் 540. கையில் நிற்பது 40 வெள்ளி, அதுவும் பெட்ரோல், பிளாஸ்டிக் பொட்டலம், தண்ணீர் எதையும் கழிக்காமல். இதையே காய்கறிக்கடை மொத்த விலையில் 8 வெள்ளிக்குக் கேட்டால் 360, அதாவது 140 நட்டம்.

இப்போது கெட்டுப்போவதை மூன்று விழுக்காட்டுக்குக் கொண்டுவாருங்கள். 194 பை, 48 கிலோ 500 கிராம், 582 வெள்ளி. லாபம் 40 இருந்த இடத்தில் 82. சுத்தம் கூடியதுதான், வேறு எதுவும் மாறவில்லை. தரக்கட்டுப்பாட்டுக்கு ஏன் ஒரு நிறுவனம் தனி ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கிறது என்று இதற்குப் பிறகு உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த சுற்றில் பையை நீங்களே செய்து பார்க்கலாம். ரப்பர் மரத்தூள் நூறு பங்கு, தவிடு பத்து, சுண்ணாம்பு ஒன்று என்பது இங்கே பரவலாக இருக்கிற கலவை. தண்ணீர் சேர்த்துப் பிசைந்து கைப்பிடியில் இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. பையில் அடைத்து எண்ணெய் டிரம்மில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, ஆறிய பிறகு விதை போட வேண்டும். ஒரு மாதம், நாற்பது நாளில் வெள்ளை மேலிருந்து கீழே இறங்கிப் பை முழுக்கப் பஞ்சு போர்த்தும். நடுவில் ஓர் இடத்தில் பச்சை தெரிந்தால் அது டிரைக்கோடெர்மா என்ற வேறு பூஞ்சை. அந்தப் பையை உடனே வெளியே கொண்டுபோய்விடுங்கள், கொட்டகைக்குள் பிரிக்க வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கனோடெர்மா பூஞ்சையை எதிர்க்க இதே டிரைக்கோடெர்மாவைத்தான் வளர்த்து மண்ணில் போடுகிறார்கள். உங்கள் கொட்டகையில் செலவுக் கணக்கில் இருப்பது இன்னொருவர் கடையில் விற்பனைச் சரக்கு.

பறித்த காளான் வெயிலில் ஒரே நாளில் வதங்கும், குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாள்தான். ஆகவே பறித்துவிட்டு ஆள் தேடக் கூடாது. நம் ஊரில் தேவை எப்போது கூடும் என்று நாள்காட்டியைப் பார்த்தாலே தெரியும்: வெள்ளிக்கிழமைகள், புரட்டாசி முழுவதும், தைப்பூச விரத நாட்கள், தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி. புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறக்கிறது. நீங்களே பை செய்வதானால் ஜூலைக் கடைசி, ஆகஸ்டு முதல் வாரத்தில் விதை போட்டிருக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வெள்ளி காலை பறித்தால் வீணாவது குறையும். பாசார் மாலாம் இடம் கிடைத்தால் நல்லது, ஆனால் முதல் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் உங்கள் தாமான் அத்தைமார்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் கடன் வசூலிப்பது தனிக் கலை. "அடுத்த வாரம் தரேன்மா" என்பதைச் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். உணவகங்கள் கடனைத் திருப்ப இன்னும் தாமதமாகும்.

படி 7: தாள் வேலை

பதினெட்டு வயது நிரம்பியவர் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்-இல் வியாபாரத்தைப் பதியலாம். தொடங்கி முப்பது நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1956-ஆம் வருடச் சட்டம். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. முழுநேர உயர்கல்வி மாணவர்களுக்குக் கட்டண விலக்குத் திட்டம் ஒன்று உண்டு. பணம் கட்டும் முன் அது நடப்பில் இருக்கிறதா என்று கவுண்டரில் கேளுங்கள், மாணவர் அட்டையையும் கொண்டுபோங்கள்.

சிக்கல் வருவது லேபிளில். மட்கிய உரத்தை உரம் என்று விற்பது ஒன்று. அதே பையில் 'பூச்சியைக் கொல்லும்', 'பூஞ்சை நோயைத் தடுக்கும்' என்று ஒரு வரி சேர்த்தால் 1974-ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டம் குறுக்கே வரும், பதிவில்லாமல் விற்க முடியாது. முகத்துக்குப் பூசும் கிரீம் என்றால் மருந்து, ஒப்பனைப் பொருட்களை ஒழுங்குபடுத்தும் என்பிஆர்ஏ-வுக்கு அறிவிக்க வேண்டும். செம்பனை நாற்று விற்க எம்பிஓபி உரிமம் வேண்டும், வீட்டுக்குப் பின்னால் நாலு நாற்று வளர்த்து விற்கலாம் என்ற யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மரபணு மாற்றிய எதையும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே கொண்டுவருவது 2007-ஆம் வருட உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது, அது விளையாட்டில்லை. இந்த விதிகளைப் படித்து வைத்திருக்கும் மாணவருக்கு நிறுவனங்களில் தனி மவுசு. பதிவுப் பிரிவில் வேலை செய்ய அறிவியலும் தெரிந்து படிவமும் நிரப்பத் தெரிந்த ஆள் சுலபத்தில் அகப்படுவதில்லை.

போட்டியும் கடனும்

புத்தாக்கப் போட்டிகளுக்குப் போங்கள், ஆனால் பதக்கத்துக்காகப் போகாதீர்கள். நடுவரில் ஒருவராவது தொழில்துறையிலிருந்து வந்திருப்பார், அவர் கேட்கிற கேள்விக்காகப் போங்கள். யோசனை வளர்ந்து நிறுவனமாகும் நிலைக்கு வந்தால் புதுத் தொழில்களுக்கு உதவும் அரசு அமைப்புகளான கிரேடில் ஃபண்டும், புக்கிட் ஜாலிலில் இருக்கும் எம்ராந்தியும் இருக்கின்றன. இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கு தெக்குன் என்ற சிறுதொழில் கடன் நிறுவனம் வழியாக ஸ்பூமி கடன் திட்டம் உண்டு. படித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கடனை எடுக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிடிபிடிஎன் படிப்புக் கடன் ஒன்றே போதும். இருநூறு பை இரண்டு சுற்று லாபத்தில் ஓடிய பிறகு பேசலாம்.

படி 8: ரெஸ்யூமேயில் எழுதும் விதம்

"திசுவளர்ப்பில் அனுபவம் உண்டு" என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். "எட்டு வாரத்தில் இத்தனை குடுவைகள் மாற்றினேன், என் கெடுவிழுக்காடு இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைந்தது, காரணம் இது" என்று எழுதுங்கள். காளானுக்கும் அப்படியே: போட்ட முதல், விற்ற கிலோ, வசூலாகாத கடன். நட்டம் வந்திருந்தால் நட்டத்தையே எழுதுங்கள், கேட்பவர் அங்கேதான் பேச்சைத் தொடங்குவார். எண்களை வெளியிடக் கூடாது என்று நிறுவனம் சொல்லியிருந்தால் விழுக்காட்டு மாற்றத்தை மட்டும் அனுமதி கேட்டுப் போடுங்கள்.

கடைசியாக உதவித்தொகை. பயிற்சி மாணவருக்கு மாதாமாதம் என்ன கொடுப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் ஒன்றும் கிடைக்காது. ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். காசு இல்லை என்றால் தோட்டத்து விடுதி அறையோ, சாப்பாடோ, அலுவலக வேனில் இடமோ கிடைக்குமா என்று கேட்கலாம். ஜெண்டராட்டா மாதிரி தோட்டத்துக்குள் இருக்கும் இடத்துக்குப் பஸ்ஸை நம்பிப் போக முடியாது, மோட்டார் லைசென்ஸை முதலில் எடுத்துவிடுங்கள். காப்புறுதி பல்கலைக்கழகம் கட்டுகிறதா, நிறுவனமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.